தயிர்மேல் விழுந்த பழி

அத்தியாயம் ஏழு

கொலை நடந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி கேட்டிருக்கிறான் ஜம்பு. திருட்டுப் போன வீட்டில் இட்லிகூடக் கேட்டிருக்கிறான். ஆனால் மூன்று பாட்டில் ரத்தத்துக்கு முன்னால் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பற்றி விசாரிப்பது அவன் உத்தியோகத்தில் இதுதான் முதல் தடவை. அதிலும் அன்று காலை அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

இடம், புசா ரோட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய நர்சிங் ஹோமின் பரிசோதனை அறை. நேரம், காலை பத்தரை. ஏஷியாட் விளையாட்டு வரப்போகிறது என்று டெல்லி முழுவதையும் தோண்டிப் போட்டிருந்த மே மாதம். வெளியே லூ என்கிற கோடை அனல்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே டாக்டர் சோப்ரா வார்த்தையை வாரி இறைத்துக்கொண்டிருந்தார். அவரோடு நடந்த பேச்செல்லாம் ஹிந்தியில். நமக்குச் சௌகரியம் தமிழ்.

"குற்றவாளியின் பெயர் லாக்டோபாசிலஸ். தயிரில் இருக்கிற கிருமி. காய்ச்சல் என்று வந்த ஒரு நோயாளிக்கு மூன்று நாளில் மூன்று தடவை ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தோம். மூன்று பாட்டிலிலும் இதுதான் வளர்ந்தது. மனிதன் ரத்தத்தில் தயிர் ஓடுமா? ஓடாது. அப்படியானால் எடுத்தவள் கையிலிருந்து வந்திருக்கிறது. எடுத்தவள் யார்? மதராசி. மதராசி மத்தியானம் என்ன சாப்பிடுவாள்?"

"கணக்கு கரெக்டாத்தான் வருது," என்று முணுமுணுத்தான் ஜம்பு. அருக்காணியம்மாள் குடைக்காம்பால் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

அருக்காணியம்மாளுக்குக் கோபிச்செட்டிபாளையம். சுபேதாராக இருந்த கணவர் காலமான பிறகு ஊருக்குத் திரும்பாமல், கரோல்பாகில் ஒரு காப்பித்தூள் கடைக்கு மேல் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியவர். வருகிற கேஸில் முக்கால்வாசி, மாப்பிள்ளை தண்ணி போடுவாரா என்கிற ரகம். ஜம்பு அவருடைய ஒரே உதவியாளன், முன்னாள் பஸ் கண்டக்டர், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பசி மட்டும் அவனுக்கு எல்லா மொழியிலும் எடுக்கும்.

இன்றைய கட்சிக்காரி மூலையில் நின்றுகொண்டிருந்தாள். வடிவு, பரிசோதனை அறையில் நான்கு வருஷமாக ரத்தம் எடுக்கிறவள், தூத்துக்குடிப் பக்கம். மாலை ஐந்து மணிக்கு நர்சிங் ஹோம் முதலாளி வந்து அவளுடைய நீக்க உத்தரவில் கையெழுத்துப் போடுவார். உத்தரவில் 'சுத்தமற்ற கை' என்று டைப் அடித்தாகிவிட்டது. அந்த இரண்டு சொல்லோடு வெளியே போனால் டெல்லியில் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசலில்கூட நிறுத்தாது.

"நான் தயிரே தொட மாட்டேன்க்கா," என்றாள் வடிவு. "சின்னப் புள்ளையில இருந்தே அந்த வாடை ஆகாது. இதைச் சொன்னா சிரிக்காவ. மெட்ராஸ்காரின்னா தயிர்ச்சட்டிக்குள்ளதான் பொறந்திருப்பான்னு நெனைக்காவ."

"உன்ற டிபன் டப்பாவைக் கொண்டா கண்ணு."

டப்பா வந்தது. மூடியைத் திறந்தார் அருக்காணியம்மாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பின் மணம் மேஜையில் ஏறி, பாட்டில்களைச் சுற்றி, டாக்டர் சோப்ராவின் மூக்கில் போய் உட்கார்ந்தது. டாக்டர் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார். ஜம்புவுக்கு நாக்கில் நீர் ஊறியது.

"இது தினமுமா?"

"தினமுந்தான்க்கா. அதுக்குத்தான் என்னை மாடிப்படியில உக்காந்து திங்கச் சொல்லி ஆர்டர் போட்டிருக்காவ. படிக்கட்டுச் செவத்துல ஒட்டியிருக்கு. டாக்டர் கையெழுத்துதான்."

அருக்காணியம்மாள் திரும்பினார். "ஆக, இந்தப் புள்ள நாலு வருஷமா தயிர் திங்கலைங்கறதுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுச் சாட்சி வெச்சிருக்கீங்க டாக்டர்."

டாக்டர் கைக்குட்டைக்குள் இருமினார். ஒருநாள் மாற்றிக் கொண்டுவந்திருக்கலாமே என்றார்.

"வெச்சுக்குவோம். அதே மூணு நாள்ல இதே கையி வேற எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்துச்சுங்க?"

பதிவேட்டைப் புரட்டினார்கள். இருபத்தாறு பேர். இருபத்தாறு பாட்டிலும் சுத்தம்.

"தெருவுல இருபத்தேழு வீடு. திருடன் மூணு தடவை வந்து மூணு தடவையும் ஒரே வீட்டுல மட்டும் பூந்தானாக்கும்? அப்ப திருடன் வெளியாளு இல்லீங்க. அந்த வீட்டுக்குள்ளயே இருக்கறவன். இந்தக் கிருமி தயிரை விட்டா வேற எங்க குடியிருக்கும்?"

டாக்டர் தயங்கினார். "குடலில். எல்லார் குடலிலும் உண்டு. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பரம சாது. யாருக்கும் தீங்கு செய்யாது."

ஜம்பு தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். காலியாக இருக்கிறது என்று நினைத்த வீட்டில் இத்தனை குடித்தனமா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அந்தச் சாது குடலை விட்டு ரத்தத்துக்கு வரணும்னா?"

"சுவரில் ஓட்டை இருக்க வேண்டும். ஆனால் எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. ஊசி, ஆணி, முள் எதுவும் இல்லை."

"எக்ஸ்ரேக்குத் தெரியாதது என்னெல்லாமுங்க?"

"நிறைய. இலை, மரம், நூல்..." டாக்டர் நிறுத்தினார். நிறுத்தின இடம் அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பெஹன்ஜி, ஓட்டை இருந்தால் அந்த ஆள் பிழைப்பதே கஷ்டம். இல்லாத ஓட்டைக்காக வயிற்றைக் கீறினால் அது என் தலைக்கு வரும். எதை விழுங்கினார் என்று ஐந்து மணிக்குள் சொல்லுங்கள், நம்புகிறேன். இல்லையென்றால் உத்தரவு உத்தரவுதான்."

*

ஓட்டைக்குச் சொந்தக்காரர் இரண்டாம் மாடியில் படுத்திருந்தார். தட்சிணாமூர்த்தி, மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசர், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்வாசி. மூன்று வாரக் காய்ச்சலில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார், கௌரவம் மட்டும் குறையாமல் இருந்தது.

இந்த இடத்தில் கிட்வாய் நகர்ச் சரித்திரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே முதலில் ஒரே ஒரு பஜனை மண்டலிதான் இருந்தது. ராம நவமிப் பானகத்தில் சுக்கு மட்டும் போட்டால் போதுமா, மிளகும் போட வேண்டுமா என்று ஒரு வருஷம் பேச்சு வந்தது. பேச்சு கைகலப்பாகி, ஜால்ரா ஒன்று பறந்து, மண்டலி இரண்டாக உடைந்தது. அன்றிலிருந்து சுக்குக் கட்சி, மிளகுக் கட்சி. சுக்குக் கட்சியின் கையால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று மிளகுக் கட்சியார் எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தவர்கள். அந்தச் சத்தியத்தை எழுதி, படித்து, முதல் ஆளாகக் கற்பூரத்தை அடித்தவர் காரியதரிசி தட்சிணாமூர்த்தி.

"என்ன சாப்பிட்டேள்னு இருபது பேர் கேட்டாச்சு," என்றார் அவர் சலிப்போடு. "எங்காத்துச் சாப்பாடு. இப்போ மூணு வாரமா எங்காத்துக் கஞ்சி. வெளியில எதுவும் பல்லுல பட்டதில்லை."

"காய்ச்சல் எப்ப வந்துச்சுங்க?"

"ராம நவமி கழிஞ்சு ரெண்டாம் நாள்."

"ராம நவமிக்கு விருந்துங்களா?"

"விருந்தா? அன்னிக்கு எங்க கட்சி பூராவும் உபவாசம். அந்தச் சுக்குக் கட்சி பந்தல் போட்டு முந்நூறு பேருக்குச் சமாராதனை பண்றதுன்னு தெரிஞ்சதும், நாங்க அதே நாள், அதே நேரம், கண்டன உபவாசம்னு தீர்மானம் போட்டோம். நான்தான் கொண்டுவந்தேன். ஒரு டம்ளர் பானகம். மிளகு போட்டது. அவ்வளவுதான்."

ஜம்புவுக்கு மனசு கலங்கியது. பக்கத்துப் பந்தலில் முந்நூறு பேருக்கு நெய் காய்கிறபோது ஒரு டம்ளர் மிளகுத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பது மனிதன் தாங்குகிற காரியமா என்று யோசித்தான். யோசித்தபடி, உட்காருவதற்கு ஸ்டூலைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"சார், உங்க ரெண்டு காலும் வேற வேற கட்சியா?"

கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு. ஜோடி என்று மரியாதைக்குச் சொல்லலாம். இடது, தட்டையான கறுப்புச் செருப்பு. வலது, சிவப்புக் குஞ்சம் வைத்த கோலாப்பூர்ச் செருப்பு, ஒரு சைஸ் பெரியது.

தட்சிணாமூர்த்தியின் முகத்தில் காய்ச்சலையும் மீறி இன்னொரு சூடு ஏறியது. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு வர்ற அவசரத்துல ஆத்துல கட்டிலுக்கு அடியில கிடந்ததை யாரோ எடுத்துண்டு வந்துட்டா."

"வந்தது சரிங்க. உங்க கட்டிலுக்கு அடியில அது எப்படி வந்துச்சு?"

"இப்போ இதான் ஃபேஷன்," என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் ஜம்பு தலையைச் சொறிந்தான். "அக்கா, எலக்ஷன்ல செருப்புச் சின்னம் உண்டா?"

"எதுக்கு கேக்கற?"

"கிட்வாய் நகர் மார்க்கெட்ல, நம்ம தமிழாளு ஒருத்தன் கடை பக்கத்து மரத்துல ஒரு நோட்டீஸ் பார்த்தேன். தமிழ்ல என்னமோ எழுதி, பெருசா ஒரு செருப்பு வரைஞ்சிருந்தது. யாரோ எலக்ஷன்ல நிக்கறான்னு நெனைச்சு வந்துட்டேன்."

"எந்தக் காலு செருப்பு?"

ஜம்பு கண்ணை மூடி, தன் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். போகிற நர்ஸ் ஒருத்தி விலகி நடந்தாள். "வலது. குஞ்சம்கூட வரைஞ்சிருந்தான்க்கா."

"ஜல்தி வண்டியை எடு," என்றார் அருக்காணியம்மாள்.

*

ஜம்புவின் ஸ்கூட்டர் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து எழுப்பினால்தான் கிளம்பும். எழுப்பினான். அருக்காணியம்மாள் பின்னால் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டார். தோண்டிப் போட்ட பள்ளங்களைச் சுற்றிச் சுற்றிக் கிட்வாய் நகர் வந்து சேர ஒரு மணி ஆகிவிட்டது. மரத்தில் நோட்டீஸ் பத்திரமாக இருந்தது. அருக்காணியம்மாள் உரக்கப் படித்தார்.

'ஸ்ரீராம நவமி சமாராதனையன்று பந்தலுக்குப் பின்புறம் விட்டிருந்த எனது வலது செருப்பு மட்டும் காணாமற் போயிற்று. எடுத்துச் சென்ற மகானுபாவர் அதைத் திருப்பித் தரலாம். அல்லது வந்து இடதையும் வாங்கிச் செல்லலாம். ஒற்றைச் செருப்பால் இருவருக்கும் பிரயோஜனம் இல்லை. இங்ஙனம், கல்யாணராமன், தலைவர்.'

"எந்தக் கட்சித் தலைவருன்னு போடலை," என்றான் ஜம்பு.

"பந்தல் போட்டவரு. சுக்கு."

அன்று இரண்டாவது சனிக்கிழமை, சர்க்கார் விடுமுறை. கல்யாணராமன் பனியனோடு கூலர் முன்னால் உட்கார்ந்து, அதன் பக்கவாட்டுப் புல்தட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். செருப்பு கிடைத்துவிட்டதா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இருக்கிற இடம் தெரியுமுங்க. அதுக்கு முன்னால விருந்து எப்படீன்னு சொல்லுங்க."

சமாராதனையைப் பற்றிக் கேட்டால் போதும், கல்யாணராமனுக்கு இரண்டு கட்சியும் மறந்துபோகும். "விருந்துக்கு என்ன குறைச்சல்? பால் பாயசத்தை மட்டும் நாலு மணி நேரம் காய்ச்சினோம். கல்லுல விட்டாக் கல்லு குடிக்கும். இலைதான் மானத்தை வாங்கிடுத்து. மெட்ராஸ்லேந்து ரயில்ல வாழையிலை வரவழைச்சேன். கூடையைத் திறந்தா எல்லாம் வெந்து கீரையா இருக்கு. கடைசி நிமிஷத்துல சதர் பஜாருக்கு ஆளை ஓட்டித் தையல் இலையும் தொன்னையும் வாங்கிண்டு வந்தேன்."

"தொன்னையை எதுல தெச்சிருந்துச்சுங்க?"

"மூங்கில் குச்சி. அதான் சனியன். பாயசச் சூட்டுல குச்சி கழண்டு உள்ளே விழுந்துடறது. முதல் பந்தியிலேயே ஒருத்தருக்கு உதட்டுல குத்திடுத்து. அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு, குச்சியைப் பார்த்துக் குடிங்கோன்னு சொல்லிட்டுத்தான் விட்டோம். ஒருத்தரைக்கூட விடலை."

"பந்தியில உக்காராதவங்களுக்கு?"

"பந்தியில உக்காராம எவன் சாப்பிடுவான்?" கல்யாணராமன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து உள்ளே போய், பழைய ஹிந்திப் பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். "அன்னிக்குப் பந்தலுக்குப் பின்னால யாரோ உறிஞ்சற சத்தம் கேட்டுது. நாயோன்னு சுத்திண்டு போனேன். திடுதிடுன்னு யாரோ ஓடினான். என் செருப்பைக் காணோம். அந்த இடத்துல இது கிடந்தது."

பொட்டலத்தில் ஒரு கறுப்புச் செருப்பு. வலது கால்.

ஜம்புவும் அருக்காணியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்திக்குப் போகாமல் பின்னால் நின்று குடித்தவனுக்கு, குச்சியைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. ஒளிந்து குடிக்கிறவன் தொன்னைக்குள் நிதானமாகப் பார்ப்பதுமில்லை. அது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"நாலரை மணிக்கு இந்தச் செருப்போட நர்சிங் ஹோமுக்கு வந்துருங்க," என்றார் அருக்காணியம்மாள். "பந்தலுக்குப் பின்னால அன்னைக்கு வேலை செஞ்சது யாருங்க?"

"எச்சில் இலை எடுக்கறதுக்குக் காத்தவராயன்னு ஒருத்தன். அதோ, மூலையில சாக்கடைக்குக் கல்லு போட்டுண்டிருக்கானே, அவன்தான்."

ஜம்பு ஸ்கூட்டரைப் படுக்கவைத்து எழுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், அருக்காணியம்மாள் குடையோடு காத்தவராயனிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார்கள் என்று ஜம்புவுக்குக் கேட்கவில்லை. காத்தவராயன் தலையில் துண்டை முக்காடு போட்டுக் காட்டியது மட்டும் தெரிந்தது. பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். மூடினான். மறுபடி விரித்தான். அப்படி நாலு தடவை. அருக்காணியம்மாள் சிரித்து ஜம்பு பார்த்ததே இல்லை. இன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாக்கா சொன்னான்?"

"அதை அப்புறம் சொல்றேன். ஓட்டு."

*

மாலை நாலே முக்கால். தட்சிணாமூர்த்தியின் கட்டிலைச் சுற்றி டாக்டர் சோப்ரா, வடிவு, அருக்காணியம்மாள், ஜம்பு. டாக்டர் கையில் டைப் அடித்த உத்தரவு. கல்யாணராமன் கறுப்புச் செருப்போடு உள்ளே நுழைந்தார். தட்சிணாமூர்த்தி போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"ஓய், என் குஞ்சம் வெச்ச செருப்பு உம்ம கட்டிலுக்கு அடியில என்ன பண்றது?"

"லூ காத்துல பறந்து வந்திருக்கும்," என்றார் தட்சிணாமூர்த்தி போர்வைக்குள்ளிருந்து.

"ஏப்ரல்ல லூ ஏதுங்காணும்?"

"இந்த வருஷம் சீக்கிரமா வந்துடுத்து."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை ஜம்பு பார்த்திருக்கிறான். சோறே இல்லாமல் மறைக்கப் பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்த்தான். அருக்காணியம்மாள் விஷயத்தை உடைத்தே சொன்னார். தொன்னைக் குச்சி ஒன்று அவர் குடலில் குத்திக்கொண்டு இருக்கிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் அந்தச் சாதுக் கிருமி ரத்தத்துக்கு வருகிறது. எடுக்காவிட்டால் உயிர் தங்காது. ஆமாம், குடித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நான் உபவாசம்," என்றார் தட்சிணாமூர்த்தி. "கற்பூரம் அடிச்சவன்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செருப்பை நம்பி நான் வயிற்றைக் கீற முடியாது. நோயாளி மறுக்கிறார். முதலாளி கீழே வந்துவிட்டார்."

ஜம்புவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஒருவர் குடித்த பாயசத்துக்கு ஒருத்தியின் சோறு போகப் போகிறது, அவரே போகப் போகிறார், எல்லாம் ஒரு மணி மிளகுக்காக. அவனுக்கு அந்தக் கட்டிலையே கவிழ்த்துவிடலாம் போல் கோபம் வந்தது.

வடிவு கெஞ்சவில்லை. கட்டிலருகே போய், தட்சிணாமூர்த்தியின் முழங்கையில் அவிழ்ந்துகிடந்த பிளாஸ்திரியைச் சரிசெய்து ஒட்டினாள்.

"ஐயா, மூணு தடவை ஊசி போட்டேன். ஒரு தடவையாவது வலிச்சுதா?"

"இல்லைம்மா," என்றார் அவர். "மத்தவா போட்டா ரெண்டு நாளைக்குக் கை வீங்கும். உன் கை பட்டதே தெரியலை."

"அந்தக் கைதான்யா சுத்தம் இல்லன்னு எழுதியிருக்காவ."

அவ்வளவுதான் சொன்னாள். தட்சிணாமூர்த்தி அவள் கையைப் பார்த்தார். டாக்டர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். போர்வை மெல்லக் கீழே இறங்கியது.

"மூணு தொன்னை," என்றார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "அந்தப் பாயச வாசனை வந்து கூப்பிட்டுது. முக்காடு போட்டுண்டு பின்னால போனேன். மூணாவதை ஒரே மடக்கா விட்டுண்டப்போ தொண்டையில என்னமோ குத்தித்து. முந்திரியாக்கும்னு முழுங்கினேன். அதுக்குள்ள இவர் வந்துட்டார். ஓடினேன். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் என்னோடது. எழுதிக்கோங்கோ, கையெழுத்துப் போடறேன்."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஜம்பு ஹிந்தியில் சொல்லச் சொல்ல, அவர் கையிலிருந்த காகிதம் நான்காக மடிந்து பைக்குள் போனது. "ஆபரேஷன் தியேட்டர்," என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினார்.

"என் மானம் போச்சு," என்று விம்மினார் தட்சிணாமூர்த்தி. "கட்சியில என்னை ஒதுக்கி வெச்சுடுவா. ஒருத்தர் மூஞ்சியில முழிக்க முடியாது."

"உங்க கட்சியில மொத்தம் எத்தனை பேருங்க?" என்று கேட்டார் அருக்காணியம்மாள்.

"நாப்பத்தொண்ணு."

"காத்தவராயன்னு ஒருத்தர், பந்தலுக்குப் பின்னால இலை எடுத்தவரு. முக்காடு போட்டு ஒருத்தர் போனதும் இன்னொருத்தரா வந்து பாயசம் குடிச்ச தலைகளை அவரு எண்ணி வெச்சிருக்காரு. அன்னைக்கு வேற பொழுதுபோக்கு இல்லைன்னாரு. நாப்பது தலைங்க."

கல்யாணராமன் முதலில் கணக்குப் போட்டு முடித்தார். "அப்போ பாயசம் மூணாம் பந்திக்கு எட்டாமப் போனதுக்கு இதுதான் காரணமா?"

"நாப்பதா?" என்றார் தட்சிணாமூர்த்தி. "நாப்பத்தொண்ணுல வராத அந்த ஒருத்தர் யாரு?"

"உங்க பொருளாளரு மட்டும் வரலைன்னு காத்தவராயன் சொன்னாருங்க. அவருக்குச் சர்க்கரை."

ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் ஏற்றும்போது தட்சிணாமூர்த்தி அருக்காணியம்மாளைக் குற்றம்சாட்டுகிற மாதிரி பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் இத்தனை அவஸ்தைப்பட்டிருக்க வேண்டாமே."

"சொல்லியிருந்தா நீங்க நாப்பதுல ஒருத்தராத்தான் இருந்திருப்பீங்க," என்றார் அருக்காணியம்மாள். "இப்ப அந்தப் புள்ளைக்காக வாயைத் திறந்த ஒருத்தரு."

*

குச்சி கிடைத்தது. அரைவிரல் நீளம், கூர்மையான மூங்கில். அதைப் பாட்டிலில் போட்டு, வடிவே சீட்டெழுதி ஒட்டினாள். தட்சிணாமூர்த்திக்கு நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று எடுத்த ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. கல்யாணராமன் இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். வெறுங்கையோடு வரவில்லை, ஒரு கூஜா நிறையப் பானகம். சுக்கும் இருந்தது, மிளகும் இருந்தது.

மறுநாள் மத்தியானம், அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கிப் போக ஜம்பு நர்சிங் ஹோமுக்கு வந்தான். மத்தியானமாகப் பார்த்து வந்ததற்கு நெத்திலி காரணமில்லை என்று அவன் சத்தியம் செய்வான். வடிவு மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த உத்தரவைக் காணோம், நாலு மூலையிலும் பசை மட்டும் காய்ந்திருந்தது. ஜம்பு பக்கத்துப் படியில் உட்கார்ந்து அவள் கொடுத்த மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

டாக்டர் சோப்ரா தன் டிபன் கேரியரோடு அந்தப் பக்கம் வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூக்கைப் பிடிக்காமல், அவர்களுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. நான்கு வருஷத்தில் அவர் அந்தப் படியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று வடிவு பிறகு சொன்னாள்.

அவர் கேரியரைத் திறந்தார். மேல் தட்டில் பராட்டா. நடுத் தட்டில் உருளைக்கிழங்கு. அடித் தட்டில், விளிம்பு வரைக்கும், கெட்டித் தயிர்.

ஜம்பு தயிரைப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். தினமுமா என்று ஹிந்தியில் கேட்டான்.

டாக்டர் தன் தட்டை, அதை இதுவரை பார்த்தே இராதவர்போல வெகுநேரம் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. மூடியை எடுத்து மெதுவாக அதன்மேல் வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனார்.

வடிவு சேலையை ஒதுக்கிக்கொண்டு தன் படியில் இடம் விட்டாள். உடைந்த ஹிந்தியில், "உக்காருங்க டாக்டர்," என்றாள். "அந்த வாடை எனக்கு ஆகாது. பரவாயில்ல, பொறுத்துக்கிடுதேன்."